வாய்க்கால் கரையில் ஊதாப் பூ: பிடுங்க வேண்டிய லூஸ்ட்ரைஃபா, விட வேண்டியதா?

செண்பகம்:

வணக்கம். இடம் கனடாவின் தெற்கு ஒன்ராறியோ. வளவின் பின்பக்கம் மழைநீர் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது, கரை எப்போதும் ஈரம். அங்கே ஆள் உயரத்துக்கு ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பூத்தண்டுகள் பத்துப் பன்னிரண்டு கூட்டமாக நிற்கின்றன. பார்க்க நல்ல வடிவு. நாலு அடி தள்ளி, அதே கரையில், மஞ்சள் பூப் பூக்கும் வேறொரு செடியும் நிற்கிறது. இரண்டுக்கும் பெயர் லூஸ்ட்ரைஃப் என்கிறார்கள். ஊதா வெளியிலிருந்து வந்து ஈரநிலத்தில் பரவும் களை, உடனே அழி என்கிறார்கள், மஞ்சளைப் பற்றி ஆளுக்கொரு கதை.

தெரிய வேண்டியவை: இதுதான் அந்தக் களை என்று எப்படி உறுதி செய்வது? நர்சரியில் விதை வைக்காத மலட்டு வகை என்று விற்றதைச் சட்டியில் வைத்திருக்கலாமா? இப்போது யூலை இரண்டாம் கிழமை, கிண்டி எடுக்க நேரம் சரியா? கடைசியாக, இது வயிற்றோட்டத்துக்குப் பழைய மருந்து என்று வாசித்தேன். எந்த லூஸ்ட்ரைஃப், ஊதாவா மஞ்சளா?

ஈரநிலம்:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். லூஸ்ட்ரைஃப் என்ற பெயரை உறவே இல்லாத இரண்டு கூட்டங்கள் பங்குபோட்டுக் கொண்டிருக்கின்றன. ஊதா லூஸ்ட்ரைஃப், அதாவது லித்ரம் சாலிகேரியா, மருதாணியும் மாதுளையும் சேர்ந்த லித்ரேசி குடும்பம். மஞ்சள் பூக்காரர்கள் லைசிமாக்கியா இனம், பிரிம்ரோஸ் குடும்பம். ஒன்றைப் பற்றிப் படித்ததை மற்றதற்குப் பொருத்தினால் அடையாளத்திலும் பிழை வரும், மருந்திலும் பிழை வரும்.

ஊதாவுக்கு வருவோம். தண்டை இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். நாலு விளிம்பு தட்டுப்படும், சிலதில் ஆறு. இலைக்குக் காம்பு கிடையாது. அடிப்பக்கம் வட்டமாகவோ இதய வடிவாகவோ தண்டை அணைத்தபடி இருக்கும். எதிரெதிராக இரண்டு, சில கணுவில் மூன்று. விளிம்பில் பல் இருக்காது. பூவில் பெரும்பாலும் ஆறு இதழ், ஒவ்வொன்றும் கசக்கி விரித்த மெல்லிய காகிதம் போலச் சுருங்கியிருக்கும். மகரந்தத் தண்டு பன்னிரண்டு, ஆறு நீளமும் ஆறு குட்டையும். ஒரு பூவைப் பிய்த்து எண்ணிப் பாருங்கள், சந்தேகம் அத்தோடு தீரும்.

ஏமாற்றக்கூடிய செடிகள் சில உண்டு. ஃபயர்வீட் தூரத்தில் அச்சாக இப்படியே தெரியும், ஆனால் நாலு இதழ், உருண்டைத் தண்டு, இலை மாறி மாறி வரும். புளூ வெர்வெயினுக்கும் சதுரத் தண்டுதான். அதன் இலை விளிம்பு வாள்பல் போல இருக்கும், பூ மிகச் சிறியது, நீலம் கலந்தது. இந்த இரண்டும் அந்த மண்ணுக்கே உரியவை, தொடக்கூடாது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, சொந்த மண்ணின் லித்ரேசி செடிகள் இரண்டு. லித்ரம் அலாட்டம் மெலிந்த செடி. இலை இடுக்கில் தனித்தனியாகப் பூ வைக்கும், மகரந்தத் தண்டு வழக்கமாக ஆறுதான், மேல் இலைகள் மாறி மாறி நிற்கும். இன்னொன்று ஸ்வாம்ப் லூஸ்ட்ரைஃப், டெக்கோடான். அது வில் போல வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்ட இடத்தில் வேர் விடும், பூ நுனிக்கதிராக இல்லாமல் கணு கணுவாக இருக்கும். களை ஒழிப்பு என்று இறங்கியவர்கள் இவற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவது வேதனையான விஷயம். எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மஞ்சளில் பார்க்க வேண்டியது இலைக்காம்பு. காம்பின் விளிம்பில் மென்முடி வரிசை கட்டி, பூ ஒவ்வொன்றும் மெல்லிய காம்பில் கீழ்நோக்கித் தொங்கினால் அது லைசிமாக்கியா சிலியாட்டா, வட அமெரிக்காவுக்கே உரியது. பூக்கள் தண்டின் உச்சியில் கொத்தாக வந்து, பூவுக்கு அடியில் இருக்கும் புல்லி இதழின் ஓரம் செம்மஞ்சள் கோடிட்டதுபோல் இருந்தால் லைசிமாக்கியா வல்காரிஸ், ஐரோப்பா ஆசியாவிலிருந்து வந்து பரவுவது. தண்டு முழுக்கக் கணுவைச் சுற்றி வளையமாகப் பூத்து, புல்லி முழுப் பச்சையாக இருந்தால் பங்டாட்டா. தோட்டத்துக்கென்று கொண்டுவந்தது, அதுவும் ஓடிப் பரவும்.

மலட்டு வகை விஷயத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். நம்ப வேண்டாம். காரணம் பூவின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்த இனத்தில் மூன்று விதச் செடிகள் உண்டு: பூ நடுவில் நிற்கும் பெண் உறுப்பான சூல்தண்டு நீளமானது, நடுத்தரமானது, குட்டையானது. ஒவ்வொரு செடியிலும் மகரந்தத் தண்டுகள் மற்ற இரண்டு உயரங்களில் நிற்கும். ஒரு உயரத்துச் சூல்முடிக்கு, அதாவது சூல்தண்டின் நுனிக்கு, அதே உயரத்து மகரந்தம் வேறு செடியிலிருந்து வந்தால்தான் விதை நிறையப் பிடிக்கும். சார்ல்ஸ் டார்வின் 1860களில் 18 வித இணைப்புகளையும் கையால் செய்து பார்த்து இதைக் காட்டினார். நீள மகரந்தத் தண்டின் தூள் பச்சை, மற்றவை மஞ்சள். கைவில்லை வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

இப்போது மோர்டன் பிங்க் போன்ற கடை வகையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே செடியின் துண்டுகள், ஒரே உயரம். தனியாக நின்றால் விதை பிடிக்காது, அதைப் பார்த்துத்தான் மலடு என்றார்கள். பக்கத்து வாய்க்காலில் காட்டுச் செடி நின்றால் தேனீ மீதி வேலையை முடித்துவிடும். உங்கள் கரையில் பத்துப் பன்னிரண்டு தண்டு நிற்கும்போது சட்டியில் இருப்பதும் விதைக்கும், அதன் மகரந்தத்தால் காட்டுச் செடியும் கூடுதலாக விதைக்கும்.

மண்வெட்டி:

நேரம் சரி. ஆனால் தள்ளிப் போடாதீர்கள். இந்தக் கதிர் அடியிலிருந்து நுனி நோக்கிப் பூக்கும். நுனியில் மொட்டு இருக்கும்போதே அடியில் காய் முற்றத் தொடங்கிவிடும். இன்னும் பூத்துக்கொண்டுதானே இருக்கிறது என்று ஓகஸ்ட் கடைசிவரை விடுகிறவர்கள், செடியை அசைக்கும்போதே விதையைத் தூவிவிடுகிறார்கள். அடிப் பூவின் இதழ் உதிரத் தொடங்குவதுதான் கடைசி எல்லை. நன்றாக வளர்ந்த ஒரு செடி வருடத்தில் இருபது லட்சத்துக்கும் மேல் விதை வைக்கும். ஒரு விதை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, தண்ணீரில் போகும், சப்பாத்துச் சேற்றிலும் வாத்தின் காலிலும் ஒட்டிக்கொண்டு போகும்.

வேலைக்கு மழை பெய்த மறுநாள் நல்லது. தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கதிரின் மேல் தொப்பி மாதிரிக் கவிழ்த்து, அதற்குள்ளேயே கத்தரிக்கோலால் பூத்தலையை வெட்டி விழுத்துங்கள். தலை எல்லாம் போன பிறகுதான் வேருக்குப் போக வேண்டும். ஒன்றிரண்டு வயதுச் செடி கையோடு வந்துவிடும். தண்டின் அடியைப் பிடித்து, திருகாமல், மெதுவாக நேரே இழுங்கள். பழைய செடிக்கு அடியில் மரக்கட்டை போல இறுகிய வேர்முடி இருக்கும், ஒரே முடியிலிருந்து 30 முதல் 50 தண்டுவரை கிளம்பும். அதைக் கையால் இழுத்தால் தண்டு அறுந்து வரும், முடி மண்ணுக்குள் இருந்து மறுபடி துளிர்க்கும். ஒரு அடி தள்ளிச் சுற்றிவரத் தோட்டமுள்ளைக் குத்தி நெம்பி, வேர்முடியை முழுதாகத் தூக்குங்கள். மண்ணைக் குழியிலேயே உதறிவிட்டு, கிண்டிய இடத்தைக் காலால் மிதித்து மூடுங்கள். திறந்து கிடக்கும் ஈர மண்ணில்தான் பழைய விதை முளைக்கும்.

புல்வெட்டும் இயந்திரம், நூல் சுற்றும் கருவி இரண்டும் கூடாது. நறுக்கிய தண்டுத் துண்டு ஈரத்தில் கிடந்தால் வேர் விடும், ஒரு செடி பத்தாகும். வாய்க்காலில் விழுந்த துண்டு கீழே இருப்பவர் வளவுக்குப் போய்ச் சேரும்.

எடுத்ததைக் கொம்போஸ்ற் குவியலிலும் போடக்கூடாது, வீட்டுத்தோட்டக் கழிவுப் பையிலும் போடக்கூடாது. கறுப்புப் பையை இறுக்கிக் கட்டி, நேர் வெயிலில் ஒன்று முதல் மூன்று கிழமைவரை வையுங்கள். உள்ளே வெந்து பழுப்பாகிக் கூழான பிறகு சாதாரணக் குப்பையில் போடலாம். வேலை முடிந்ததும் சப்பாத்து, முள், உடுப்பு எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே தட்டித் துடையுங்கள்.

களைகொல்லி பற்றி யாராவது சொல்வார்கள். தண்ணீர்க் கரையில் கடை மருந்தை அடிக்கவே கூடாது. ஒன்ராறியோவில் அழகுக்காகப் பூச்சிமருந்து, களைமருந்து அடிப்பது 2009 முதல் தடை. பன்னிரண்டு தண்டுக்கு அது தேவையும் இல்லை.

எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இலைகளைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

செண்பகம்:

பார்த்துவிட்டேன். ஊதாவில் சதுரத் தண்டு, சில கணுவில் மூன்று இலை, எண்ணிய ஐந்து பூவிலும் பன்னிரண்டு மகரந்தத் தண்டு. மஞ்சளில் இலைக்காம்பு முழுக்க மென்முடி, பூ தொங்குகிறது. ஊதாவின் மேல் இலைகளில் ஊசியால் குத்தியதுபோல் வட்ட ஓட்டைகள், இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மூன்று தண்டில் இலை வலை மாதிரிக் காய்ந்துபோயிருக்கிறது. சின்ன மஞ்சள் புழுவும் இருக்கிறது. நோயா?

மண்வெட்டி:

நோய் இல்லை, உதவி. கலெருசெல்லா வண்டு. களையின் சொந்த ஊரான ஐரோப்பாவிலிருந்து, மற்றப் பயிர்களைத் தின்னுமா என்று பல ஆண்டுகள் சோதித்த பிறகு, 1992இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் விட்டார்கள். ஒன்ராறியோவில் அந்த வேலையைக் குவெல்ஃப் பல்கலைக்கழகம் நடத்தியது. இரண்டு இலைவண்டு வகை, வேரைத் துளைக்கும் கூன்வண்டு ஒன்று, பின்னால் பூமொட்டைத் தின்னும் இன்னொரு கூன்வண்டு. வளர்ந்த இலைவண்டு ஐந்து மில்லிமீட்டர் அளவு, வெளிர் பழுப்பு. புழு மஞ்சள், தலை கறுப்பு. முதலில் ஓட்டை போடும், பெருகினால் நரம்பை மட்டும் விட்டு மிச்சத்தைச் சுரண்டிவிடும். அப்படித் தின்னப்பட்ட செடி குட்டையாகிப் பூவே வைக்காமலும் போகும்.

ஆகவே திட்டத்தை மாற்றுங்கள். வலையாகிப்போன மூன்று தண்டையும் அப்படியே விட்டு, பூத்தலை இருந்தால் அதை மட்டும் வெட்டுங்கள். புழு இல்லாதவற்றைக் கிண்டி எடுங்கள். புழு உள்ள இலையைப் பையில் கட்டி வெயிலில் வைத்தால் வண்டையே கொல்கிறீர்கள். வண்டு அடியில் கிடக்கும் காய்ந்த சருகுக்குள்ளும் மேல்மண்ணிலும்தான் குளிரைக் கழிக்கும், இலையுதிர்காலத்தில் அந்தச் சருகைக் கூட்டி அள்ள வேண்டாம். வண்டு களையை முற்றாக ஒழிக்காது. களை குறைந்தால் வண்டும் குறையும், பிறகு இரண்டும் கொஞ்சமாக நிற்கும். அந்த அளவு போதும், மற்றச் செடிகளுக்கு இடம் கிடைத்துவிடும்.

ஈரநிலம்:

மஞ்சள் சிலியாட்டாதான். தயவுசெய்து விட்டுவிடுங்கள். லைசிமாக்கியா பூவில் தேன் இல்லை, பதிலுக்கு எண்ணெய் சுரக்கும். மாக்ரோப்பிஸ் என்ற தேனீக்கள் அந்த எண்ணெயை எடுத்து மகரந்தத்தோடு பிசைந்து குஞ்சுக்கு ஊட்டும், நிலத்துக்குள் இருக்கும் கூட்டின் சுவரிலும் பூசித் தண்ணீர் புகாமல் காக்கும். இந்தச் செடி இல்லாவிட்டால் அந்தத் தேனீ இல்லை.

ஊதா எவ்வளவு கெட்டது என்பதிலும் அளவோடு பேச வேண்டும். சதுப்பையே கொன்றுவிடும் என்று 1980களில் எழுதியதற்கு அளந்த சான்று குறைவு என்று 1990களின் கடைசியிலிருந்து ஆய்வாளர்கள் கேட்டு வருகிறார்கள். ஒரே செடி அடர்ந்து நிற்கும் இடத்தில் மற்றவற்றுக்கு ஒளியும் இடமும் போவது உண்மை. பீதி வேண்டாம், ஒழுங்காக வேலை செய்தால் போதும்.

தாதகி:

மருந்துக் கேள்வி இன்னும் நிற்கிறது. வயிற்றோட்டத்துக்குரியது ஊதா, லித்ரம். மஞ்சள் அல்ல.

பெயர் மஞ்சளிலிருந்துதான் தொடங்குகிறது. கிரேக்கத்தில் லூசிஸ் என்றால் அவிழ்ப்பது, மாக்கே என்றால் சண்டை. சண்டையை அவிழ்க்கும் செடி. அலெக்சாந்தரின் படைத்தலைவனாக இருந்து திரேசுக்கு அரசனான லைசிமாக்கஸ் பெயரால் வந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். நுகத்தில் பூட்டிய மாடுகள் முரண்டு பிடித்தால் இந்தச் செடியை நுகத்தின் மேல் வைப்பார்களாம், அடங்கிவிடுமாம். மஞ்சள் லூஸ்ட்ரைஃபைப் புகைபோட்டு ஈ, கொசு விரட்டுவதும் ஐரோப்பியப் பழக்கம். பூச்சித் தொல்லை போனால் மாடு அமைதியாகும், நம்பிக்கையின் வேர் அங்கே இருக்கலாம். 16ஆம் நூற்றாண்டில் இதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார்கள், பிறகு அந்தப் பெயர் ஊதாவுக்கும் ஒட்டிக்கொண்டது. லித்ரம் என்பது இரத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, பூவின் நிறத்துக்காக. சாலிகேரியா என்றால் வில்லோ போன்ற இலை உடையது. 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர்.

ஊதாவின் சொந்த இடம் ஐரோப்பாவும் ஆசியாவின் மிதவெப்பப் பகுதிகளும். வட அமெரிக்காவுக்கு 1800களின் தொடக்கத்தில் போனது. கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பிக்கொண்டு வந்த ஈர மண் ஒரு வழி. பூவுக்காகவும் மருந்துக்காகவும் குடியேறியவர்கள் கொண்டுவந்தது இன்னொரு வழி. தேனீ வளர்த்தவர்களும் பரப்பினார்கள்.

மருந்தாக எடுப்பது பூத்த நுனித் தண்டு, நிழலில் உலர்த்தியது. ஐரோப்பிய மருந்து நூலில் இதற்குத் தனி வரையறையே இருக்கிறது, டானின் என்ற துவர்ப்புச் சத்து குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும் என்று. வேலை செய்வது அந்தத் துவர்ப்புத்தான். டானின் புரதத்தோடு பிணைந்து அதை இறுக்கும். குடல் சவ்வில் அது நடந்தால் நீர்க்கசிவு குறையும், ஈறில் நடந்தால் இரத்தம் நிற்கும், விலங்குத் தோலில் நடந்தால் தோல் பதமாகும். இதே செடியை வயிற்றுக்கும் தோல் பதனிடவும் பயன்படுத்தியதன் காரணம் இதுதான். சீன மருத்துவத்திலும் ஊதா வயிற்றுக்கடுப்புக்கு வருகிறது. சீனத்து லைசிமாக்கியா கிறிஸ்டினே வேறு மருந்து. பித்தப்பைக் கல்லுக்கும் சிறுநீர்க் கல்லுக்கும் கொடுப்பது.

ஜப்பானில் ஊதாவின் நெருங்கிய உறவான மிசோஹாகி, முன்னோர் வழிபாடான ஓபோன் நாட்களின் பூ. கொத்தைத் தண்ணீரில் நனைத்துப் படையலின் மேல் தெளிப்பார்கள். நம் வீடுகளில் மாவிலையால் தெளிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் வாய்க்கால் செடியைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். தெருவில் ஓடிவரும் எண்ணெயும் உப்பும் கன உலோகமும் அந்த மண்ணில் தங்கும், செடி உறிஞ்சும். கடையில் வாங்கியதைக் குடித்தாலும் இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றோட்டம் காய்ச்சலோடு போனாலோ, இரத்தம் கலந்து போனாலோ, குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ என்றாலோ இதெல்லாம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

நம் பக்கத்து உறவுகளைத் தெரிந்துகொண்டால் குடும்பம் பிடிபடும். மாதுளம்பூ விரியும்போது இதழைப் பாருங்கள், அதே கசங்கிய காகிதம். பூமருதிலும் அதே. மருதாணியின் சின்ன இதழிலும் அதே. மாதுளம்பழத் தோலை உலர்த்தி வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பதும், அதே தோலைச் சாயத்துக்கும் தோல் பதனிடவும் எடுப்பதும் ஊதா லூஸ்ட்ரைஃபின் கதையேதான், டானின். காட்டாத்திப்பூ என்கிற தாதகி, அரிட்டம், ஆசவம் என்ற நொதித்த மருந்துகளைப் புளிக்க வைக்கச் சேர்ப்பது. துவர்ப்போடு, பூவில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் வெல்லக் கரைசலை நொதிக்க வைக்கிறது. வயலில் களையாக வரும் நீர்மேல் நெருப்பு, கல்லுருவி என்றும் சொல்வார்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அதன் இலையை அரைத்துத் தோலில் வைத்தால் கொப்பளம் போடும். ஒரே குடும்பம் என்பதற்காக ஒன்றின் குணத்தை இன்னொன்றில் எதிர்பார்க்கக் கூடாது.

மஞ்சள் கூட்டத்துக்கும் தமிழ்நாட்டில் ஒரு ஆள் உண்டு. நீலகிரி உச்சியில் லைசிமாக்கியா லெஷனால்ட்டி. பூ மஞ்சள் இல்லை, சிவந்த நிறம். ஆகவே நிறத்தை வைத்து மட்டும் இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிக்க முடியாது.

செண்பகம்:

எல்லோருக்கும் நன்றி. சட்டியில் நிற்பதையும் சேர்த்து எடுக்கிறேன். கிண்டிய இடத்தில் என்ன வைக்கலாம்?

மண்வெட்டி:

வெறுமையாக விடாதீர்கள், அதுதான் முக்கியம். ஈரம் நிற்கும் இடத்தில் ஸ்வாம்ப் மில்க்வீட், ஜோ பை வீட், புளூ வெர்வெயின். கொஞ்சம் மேட்டில் லயாட்ரிஸ் ஸ்பைக்காட்டா, ஊதாக் கதிர் என்ற அழகு அதிலேயே கிடைக்கும். நாற்றை ஓர் அடி இடைவெளியில் நெருக்கி வையுங்கள், நிழல் விழுந்தால் பழைய விதை முளைப்பது குறையும்.

விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். குறைந்தது மூன்று வருடம் மே கடைசியில் ஒரு தடவை, யூலை தொடக்கத்தில் ஒரு தடவை கரையைச் சுற்றி வாருங்கள். விரல் உயர நாற்றிலேயே எதிரெதிர் இலையும் சதுரத் தண்டும் தெரியும், இரண்டு விரலால் கிள்ளி எடுத்தால் வேரோடு வந்துவிடும். வலையாகிப்போன அந்த மூன்று தண்டில் அடுத்த மே மாதம் வண்டு ஏறியிருக்கிறதா என்று இங்கே எழுதுங்கள்.